பூந்தொட்டி செய்தது போதும், சாக்கைப் பிரியுங்கள்

நீங்கள் கேட்டது இரண்டு. நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருக்கும் பாட்டில், டப்பா, அட்டை, பழைய துணி இவற்றைக் கொண்டு இன்னும் என்னென்ன செய்யலாம் என்பது ஒன்று. எவ்வளவு பிரித்துக் கொடுத்தாலும் குப்பை வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே கொட்டப்படுகிறது, பிறகு எதற்கு இந்தப் பாடு என்பது இன்னொன்று. பாட்டிலை வெட்டி வண்ணம் அடித்துப் பூந்தொட்டிகள் செய்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பூந்தொட்டியைப் பற்றிப் பேசிவிடலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா மதுரையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் எனக்கு வேலை பிரிப்பதுதான். இப்போது பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் முப்பது ஆண்டு பழகியவனுக்கு உங்கள் பாட்டில் எப்படித் தெரியும் தெரியுமா? வெட்டுவதற்கு முன்னால் அது சரக்கு. ஒரே வகை பிளாஸ்டிக், உள்ளே தண்ணீர் தவிர வேறெதுவும் பட்டதில்லை, உருக்கினால் நூலாகும். நீங்கள் அதற்கு வண்ணம் பூசி, பசை தடவி, ஜிகினா ஒட்டி, மண்ணை நிரப்பிய பிறகு அதை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். வெயிலில் ஓரிரு ஆண்டு நின்றால் பாட்டில் நொறுங்கத் தொடங்கும். சில்லுகள் மண்ணோடு கலக்கும். நல்ல சரக்கு ஒன்றைக் கைவினை என்ற பெயரில் குப்பையாக்கிவிட்டோம் என்பதுதான் கணக்கு.

எங்கள் தொழிலில் விலை போவது கலப்பில்லாத பொருளுக்கு. ஒரே சாக்கில் பித்தளையும் இரும்பும் கலந்து வந்தால் இரும்பு விலைதான் கொடுப்போம். பேப்பரும் சோற்றுப் பருக்கையும் கலந்து வந்தால் எதுவும் கொடுக்க மாட்டோம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

பேப்பரை எடுத்துக்கொள்வோம். அப்பா கட்டை எடை போடுவதற்கு முன் அதன் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். எடை கூட்டுவதற்காக நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருபவர்கள் உண்டு. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சில்லென்றிருக்கும். ஈரத்தை அவர் வெறுத்ததற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. ஈரப் பேப்பர் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், பக்கத்துக் கட்டையும் கெடுக்கும். மில்லில் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக அடிப்பார்கள். சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் காற்றுக் குமிழ்களை விட்டால் மை நுரையோடு மேலே வந்துவிடும். நுரையை வழித்தெடுத்தால் மை போய்விடும். எண்ணெய் அப்படிப் போகாது. பரோட்டா கட்டிய தாளும் எண்ணெய் வடிந்த அட்டைப்பெட்டியும் கூழில் கலந்தால் தாள் முழுக்கப் புள்ளி விழும். அதனால் அவற்றைப் பேப்பர் கட்டில் வைக்காதீர்கள், கிழித்து மக்க விடுங்கள். கடைகளில் தரும் வழுவழுப்பான பில் சீட்டும் பேப்பர் கட்டுக்கு ஆகாது. அது சூட்டில் எழுத்து தெரியும்படி ரசாயனம் பூசிய தாள்.

ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் கொஞ்சம் உடைந்து குட்டையாகும். ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது என்பார்கள். அதனால் பேப்பருக்கு ஒரு இறங்குமுகமான வாழ்க்கை உண்டு. வெள்ளைத் தாளாகப் பிறந்தது செய்தித்தாளாகி, பழுப்பு அட்டையாகி, கடைசியில் முட்டை அட்டையாகும். நாமக்கல்லிலிருந்து வரும் 30 முட்டை அட்டையைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். பல வண்ணத் துணுக்குகள் தெரியும், சில சமயம் ஒரு எழுத்துகூட. என் பிள்ளை படித்த கணக்கு நோட்டு இதில்தான் இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். செய்தித்தாள், நோட்டு, அட்டை மூன்றுக்கும் கடையில் மூன்று விலை, ஏனென்றால் மூன்றும் இந்த வாழ்க்கையின் மூன்று படிகளில் நிற்கின்றன. தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தால் அதனதன் விலை கிடைக்கும். அட்டைப்பெட்டியை மடித்து, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டுக் கொடுத்தால் கடைக்காரர் உங்களை மறக்க மாட்டார்.

பிளாஸ்டிக் இன்னும் சிக்கல். அடியில் முக்கோணத்துக்குள் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருப்பார்கள். முக்கோணம் இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். அது இன்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் குறி, அவ்வளவுதான். 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யும் பெட். 2 ஷாம்பு பாட்டில், கேன் வகை. 3 குழாய், ஒயர்த் தோல் செய்யும் பிவிசி. 4 பால் கவர் போன்ற மெல்லிய உறை. 5 சாப்பாட்டு டப்பா, பாட்டில் மூடி வகை. 6 தெர்மாகோல். 7 என்பது மற்றவை. அதாவது யாருக்கும் வேண்டாதவை என்று பெரும்பாலும் படித்துக்கொள்ளலாம். 1, 2, 4, 5 இந்த நான்கும் நல்ல சரக்கு.

இந்த வகைகள் ஒன்றோடொன்று சேராது. பெட் ஏறத்தாழ 260 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமில ஆவியை விடும், கூட இருக்கும் பெட் மஞ்சளாகிப் பாழாகும். ஒரு மூட்டை நல்ல பாட்டிலைக் கெடுக்கச் சில துண்டு பிவிசி போதும். பார்வைக்கோ இரண்டும் ஒரே கண்ணாடிப் பளபளப்பு. பட்டறையில் அரைத்த சில்லைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். மூடியும் கேனும் பால் கவரும் மிதக்கும், பெட் மூழ்கும். மூடியைக் கழற்றாமல் பாட்டில் வந்தாலும் தொட்டி பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் பிவிசியும் மூழ்கும், அதுதான் தலைவலி. அதற்குக் கண்ணும் கையும் வேண்டும். பிரிக்கும் பெண்கள் பாட்டிலைக் கசக்கிப் பார்த்து, சத்தத்தை வைத்தே தள்ளிவிடுவார்கள். மடித்த இடத்தில் பிவிசி வெள்ளைக் கோடாக வெளுத்து நிற்கும். அவர்களில் பலர் பள்ளி வாசலை மிதித்ததில்லை. என் கணக்கு நோட்டைவிட அவர்கள் விரலை நான் அதிகம் நம்புகிறேன்.

பால் கவருக்குத் தனியாக ஒரு வரி. கத்தரிக்கும்போது மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடைக்குப் போகும், இல்லையென்றால் மாட்டின் வயிற்றுக்குப் போகும். கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்தால் ஒரு மாதத்தில் ஒரு கட்டு வந்துவிடும். பால் கவரைத் தனி விலைக்கு எடுக்கும் கடைகள் பல ஊர்களில் உண்டு. அலசாத கவர் ஒரு வாரத்தில் என்ன வாடை அடிக்கும் என்பதை உங்கள் மூக்குக்கே விட்டுவிடுகிறேன்.

சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே இவற்றை மாலையாகக் கோத்துத் தோரணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். பல வகைப் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியவை அவை. பிரிக்க முடியாது, எங்களுக்கு வேண்டாம். இப்படி யாருக்கும் வேண்டாததை உள்ளாட்சிகள் சேகரித்து அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவதுண்டு. அங்கே 1,400 டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் நிலக்கரியோடு எரிபொருளாகப் போகும். மறுசுழற்சி என்று அதை அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. தெருமுனையில் கொளுத்துவதைவிட எவ்வளவோ மேல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்வேன்.

இன்னொரு வழி எங்கள் ஊரிலேயே பிறந்தது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், தார்ச்சாலையில் பழைய பிளாஸ்டிக்கைச் சேர்க்கும் முறையைக் கண்டார். துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கை 160 டிகிரிக்கு மேல் சூடேறிய ஜல்லியின் மீது தூவினால் அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய போர்வையாகப் படியும். பிறகு தாரைக் கலந்தால் தார் கல்லை இறுகப் பற்றிக்கொள்ளும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் கடைத் தெருவில் ஏதோ எங்களுக்கே கிடைத்தது போலப் பேசிக்கொண்டோம். பார்த்தீர்களா, அந்தச் சாலைக்கும் பிவிசி ஆகாது. சூட்டில் நச்சு ஆவி வரும். அங்கேயும் முதல் வேலை பிரிப்பதுதான்.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை யாரும் வீணாக்குவதில்லை. இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே தெருவுக்கு அதன் மதிப்பு தெரியும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் எரிசக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதனால்தான் நசுங்கிய பாத்திரத்துக்கும் விலை உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும். செம்புக்காக ஒயரைக் கொளுத்தாதீர்கள், பிள்ளைகளைக் கொளுத்த விடாதீர்கள். ஒயரின் மேல் தோல் பெரும்பாலும் பிவிசி. அந்தப் புகை நெஞ்சுக்கு மிகக் கெடுதல். அப்படியே கொடுங்கள், உரித்தெடுக்கக் கருவி இருக்கிறது.

கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது என்பது உண்மை. ஆனால் உருக்க ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும், கனம் அதிகம், விலை குறைவு, உடைந்தால் கையைக் கிழிக்கும். ஆகவே கண்ணாடிக்கு நல்லது கழுவி மறுபடி நிரப்புவது. கோலி சோடாக்காரர் அதைத்தான் செய்துவந்தார். குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் உயர் நீதிமன்றத்தை எட்டிய கவலை. உபதேசம் கேட்டுத் திரும்பாத பாட்டில் பத்து ரூபாய்க்குத் திரும்பியது.

இனி வீட்டுக்குள்ளேயே மறுபடி பயன்படுத்துவது. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பழைய பொருள் ஒன்றைப் பயன்படுத்துவதால் கடையில் ஏதாவது ஒன்றை வாங்காமல் விட்டீர்களா? விட்டீர்கள் என்றால் அது மறுபயன்பாடு. இல்லையென்றால் பொழுதுபோக்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு நிரப்பிய அம்மாக்கள் டப்பா வாங்கவில்லை. கிழிந்த வேட்டி கரித்துணியானது, பருத்திச் சேலை தூளியானது, தேங்காய்ச் சிரட்டை அகப்பையானது. பள்ளி முடியும் ஏப்ரலில் எல்லா நோட்டிலும் எழுதாமல் மீந்த தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து, ரஃப் நோட்டு செய்துகொடுப்பார் அப்பா. கடை முழுக்கப் பேப்பர் இருக்கும் வீட்டில் எனக்குப் புது ரஃப் நோட்டு கிடைத்ததே இல்லை என்பதை இன்றும் சற்று மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன்.

கைவினைதான் செய்ய வேண்டும் என்றால் என் பாட்டி செய்தது ஒன்று உண்டு. செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் மைய அரைப்பார். கவிழ்த்த குடத்தின் மேல் துணி போட்டு அந்தக் கூழை அப்பிக் காயவைத்தால் கூடையாகும். பொத்தல் விழுந்த மூங்கில் முறத்துக்கும் அதையே மெழுகுவார். வெந்தயம் பசையாகவும் இருக்கும், பூச்சியும் அண்டாது என்பது பாட்டியின் நம்பிக்கை. பிய்ந்தால் மண்ணில் போட்டுவிடலாம், அதில் மக்காதது எதுவும் இல்லை. காகிதக்கூழ் லேசான பொருளும் அல்ல. தஞ்சாவூரில் இடுப்பை அசைத்து ஆடும் பொம்மையின் உடம்பே அதில்தான் செய்யப்படுகிறது. உணவுப் பொருளை அதில் நேராக வைக்காமல் பூண்டு, வெங்காயம் போடலாம்.

துணியில் எல்லாரும் தவறுவது ஓரிடத்தில். பருத்தியையும் பாலியெஸ்டரையும் சேர்த்துக் கட்டுவது. பருத்தி தண்ணீரை உறிஞ்சும், துடைக்க உதவும். பாலியெஸ்டர் தண்ணீரைத் தள்ளிவிடும். மெக்கானிக் கடையில் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் வைத்திருப்பார்களே, அது திருப்பூரில் வெட்டும்போது விழும் துண்டு. அந்தத் துண்டில் பெரிய பங்கு நூலாகவும் திரும்புகிறது. நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்கிறார்கள். சிவப்புத் துண்டைச் சிவப்போடு மட்டும் சேர்த்தால் நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை; சாயம் இல்லாவிட்டால் சாயத் தண்ணீரும் இல்லை. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஜரிகை வைத்த பழைய பட்டுச்சேலை இருந்தால் மட்டும் பாத்திரக்காரரிடம் அவசரமாகக் கொடுத்துவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதை உருக்கி எடுப்பதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு. ஒரு எவர்சில்வர் அடுக்குக்கு அது கொள்ளை மலிவு.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. செய்தித்தாளில் பஜ்ஜி வைக்காதீர்கள். அச்சு மை எண்ணெயில் ஊறி உள்ளே போகும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே இதை எச்சரித்தது. பெயிண்ட் வாளியும் பூச்சிமருந்து டப்பாவும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் பிடிக்க ஆகாது. மருந்து டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பழைய குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைக்காதீர்கள். போன் பேட்டரியைப் பழைய சாமானோடு போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். எங்கள் பட்டறையில் ஒருமுறை அப்படி ஒரு மூட்டை புகைந்து, மணலைக் கொட்டி அணைத்தோம். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தடித்த தாளில் சுற்றி மேலே எழுதி வையுங்கள். அந்த மூட்டைக்குள் முதலில் போவது யாரோ ஒருவரின் வெறுங்கை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே, வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கானது என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. வண்டியில் அது ஒன்றாக விழுகிறது என்ற உங்கள் எரிச்சல் நியாயம்தான். எங்கள் தெருவிலும் அதே கதைதான் நடந்தது, சண்டையும் போட்டிருக்கிறேன். கலந்தபின் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்தால் போதும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் பல்லாண்டுகளாகக் கொட்டிய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் இயந்திரம் வைத்துப் பிரித்தார்கள். அப்படி வெளிவரும் பிளாஸ்டிக்கை எங்கள் போன்ற பட்டறை தொடாது, சூளைக்குத்தான் போகும். வீட்டில் ஒரு நொடியில் ஆகியிருக்கும் வேலை அது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. காய்ந்த பொருளை ஏன் அந்த வண்டியில் போடுகிறீர்கள்? பேப்பர், அட்டை, பாட்டில், பால் கவர், தகரம் இவற்றுக்குக் கடை இருக்கிறது. அவை வண்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டிக்குப் போவது சமையலறை ஈரமும், சிப்ஸ் உறை போல யாருக்கும் வேண்டாததும்தான். ஈரத்தையும் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டி ஒன்று, காய்ந்த சருகு அல்லது தென்னைநார்த் தூள் கொஞ்சம் போதும். ஒரு கை காய்கறித் தோல் போட்டால் இரண்டு கை சருகு போட்டு மூடுங்கள். நாறினால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் எலும்பையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள், வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு எதிராகத் திரும்பாமல் இருப்பதற்காக. மூன்று மாதத்தில் மண் வாசனை வரும்.

உங்கள் நான்கு மாதக் குவியலுக்கு வருவோம். வெட்டாத பாட்டில்களை அலசி, காயவைத்து, நசுக்கி ஒரு சாக்கு. பேப்பர் ஒரு கட்டு, அட்டை ஒரு கட்டு. மீதிப் பிளாஸ்டிக் ஒரு சாக்கு. அதில் 1, 2, 4, 5 எண் உள்ளவை மட்டும். பழைய சார்ஜர், ஒயர், ரிமோட்டைத் தனிப் பையில் போட்டு, மின்கழிவு வாங்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றி அதையும் தனியாக அவரிடமே ஒப்படையுங்கள். தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிடும்முன் கட்டை வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொக்கித் தராசு நடுவில் கை வைத்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். எங்கள் தொழிலின் இந்த இரகசியத்தை அப்பா இருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டார். ஒன்றிரண்டு ரூபாய்க்காக அவரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, பிரித்த சரக்கு, ஈரமில்லாமல் என்று தெரிந்துவிட்டால் அவரே தேதி தவறாமல் வந்து வாசலில் நிற்பார்.

அந்தப் பூந்தொட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம். செய்தது செய்ததுதான். வெயில் நேராக விழாத இடத்துக்கு மாற்றி வையுங்கள், சில ஆண்டு தாங்கும்.